துலுக்க நாச்சியாருக்குப் பெயர் இல்லை

திருவரங்கம் பெரிய கோயிலில் கோதுமை ரொட்டி படைக்கிறார்கள். நெல் விளையும் காவிரிக்கரையில், அக்காரவடிசிலுக்கும் புளியோதரைக்கும் பேர்போன ஒரு கோயிலில், ரொட்டியும் வெண்ணெயும் யாருக்கு? ராஜமகேந்திரன் திருச்சுற்றின் வடகிழக்கு மூலையில், அர்ச்சுன மண்டபத்தை ஒட்டி, ஒரு சிறிய சந்நிதி இருக்கிறது. உள்ளே சிலை கிடையாது. சுவரில் ஓர் ஓவியம் மட்டும். ஓவியத்தில் இருப்பவள் துலுக்க நாச்சியார். டெல்லி சுல்தானின் மகள். நம்பெருமாளுக்குத் திருமஞ்சனத்தின்போது கைலி உடுத்துவதும் அவளுக்காகத்தான் என்று கோயில் பழகியவர்கள் சொல்வார்கள். மார்கழியில் பகல்பத்து நடக்கும் நாள்களில் கூட்டம் நெரிக்கும் அதே மண்டபத்தின் ஓரத்தில்தான் அவள் இருக்கிறாள். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அவளைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.

அவளைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டிருப்பது ஒரு காதல் கதை. ஆனால் சிறைபிடித்தலில் தொடங்கும் காதல் கதை. இன்று அலைபேசியில் வாசிக்கப்படும் தமிழ்த் தொடர்கதைகளில் இந்த வகைக்கு நல்ல கிராக்கி. நாயகன் அவளைக் கடத்துவான், அறையில் அடைப்பான், கட்டாயத் தாலி கட்டுவான், நாற்பதாவது அத்தியாயத்தில் அவளே அவனைக் காதலிப்பாள். ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. அந்தச் சூத்திரத்தில் பிடிப்பவன் எப்போதும் ஆண், பிடிபடுபவள் எப்போதும் பெண். திருவரங்கத்துக் கதை இதைத் தலைகீழாக்குகிறது. பிடிபட்டவன் ஆண், அதுவும் கடவுள். பிடித்து வைத்திருந்தவள் பெண், அதுவும் பிடிக்கவேண்டும் என்று எண்ணியிராத பெண். தலைகீழாக்கினால் கதையின் முடிவு மாறவேண்டும் அல்லவா? மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கதைக்கான மூல ஏடு ‘கோயிலொழுகு’. திருவரங்கம் கோயிலின் வரலாற்றுக் குறிப்பேடு அது. ஒருவர் எழுதியதல்ல; பல தலைமுறைக் கோயில்காரர்கள் சேர்த்துச் சேர்த்து வளர்த்தது. அதில் கொத்துக் கணக்கும் உண்டு, அற்புதமும் உண்டு. இரண்டையும் ஒரே குரலில் சொல்லும். அதை ஆங்கிலத்தில் பதிப்பித்து, கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாசிரியர் வ. ந. ஹரிராவ் போன்றவர்கள், அதில் வரும் இரண்டு துருக்கப் படையெடுப்புகளில் முதலாவதை 1311 இல் மாலிக் கபூர் வந்ததோடும், இரண்டாவதை 1323 இல் உலூக் கான் வந்ததோடும் பொருத்துவார்கள். உலூக் கான் என்பவர்தான் பின்னர் முகமது பின் துக்ளக். சுல்தான் மகள் வருவது முதல் படையெடுப்பின் கதையில்.

ஒழுகின் வழி வரும் கதை இது. டெல்லிப் படை கோயிலைக் கொள்ளையிட்டு, பொன்னோடும் மணியோடும் உற்சவரான அழகிய மணவாளப் பெருமாளையும் தூக்கிக்கொண்டு போனது. திருக்கரம்பனூரில் ஒரு பெண். அரங்கனைச் சேவிக்காமல் சோறு உண்பதில்லை என்ற விரதக்காரி. அவள் படையின் பின்னாலேயே நடந்தாள், டெல்லி வரைக்கும். உருமாற்றிக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தாள். அங்கே கொள்ளைப் பொருள்களுக்கு நடுவிலிருந்த விக்கிரகத்தைச் சுல்தானின் மகள் பொம்மையாகக் கேட்டு வாங்கிக்கொண்டதைக் கண்டாள். திரும்பி நடந்து வந்து கோயிலாரிடம் சொன்னாள். அறுபது பேர் புறப்பட்டார்கள். சுல்தான் முன் பாடினார்கள், ஆடினார்கள். அவன் மகிழ்ந்து பொருள் கொடுத்தபோது வேண்டாமென்று, எங்கள் பெருமாளைக் கொடு என்று கேட்டார்கள். அது மகளிடம் இருக்கிறது, உங்கள் தெய்வமானால் நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றான் அவன். கூப்பிட்டார்கள். பெருமாள் அந்தப் பெண்ணை உறங்கச் செய்துவிட்டு எழுந்து வந்தார். இரவோடு இரவாகக் கிளம்பினார்கள்.

விழித்தவள் உருக்குலைந்தாள். மகள் பிழைக்கமாட்டாள் என்று பயந்த சுல்தான் படையோடு அவளை அனுப்பினான். துரத்தி வருகிறார்கள் என்று தெரிந்ததும் பெருமாளைத் திருமலையில் ஒளித்துவைத்தார்கள். அவள் திருவரங்கம் வந்து சேர்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் இல்லை. அங்கேயே உயிர் விட்டாள். வாய்மொழி வழக்கில் அவள் சோதியில் கலந்தாள் என்று நயமாகச் சொல்வார்கள். பின்னால் கோயிலுக்குத் திரும்பிய பெருமாளின் ஆணைப்படி அவள் உருவத்தைச் சுவரில் எழுதி, அவள் நாட்டு உணவைப் படைக்க ஏற்பாடானது.

டெல்லிச் சுல்தான்களின் காலத்து வரலாற்று நூல்கள் இப்படியொரு மகளைப் பற்றிப் பேசுவதில்லை. கதை நடந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. இந்தக் கதை தேவைப்பட்டது என்பது வரலாறு. யாருக்கு, எதற்கு என்பதுதான் கேள்வி.

முதலில் அவள் பெயர். ஏடுகளில் அவள் சுரதாணி. அது பெயரில்லை, சுல்தான் என்ற சொல்லை நம் நாக்குக்குப் பழக்கிப் பெண்பால் விகுதி போட்டது. மேல்கோட்டையில் அவள் பீபி நாச்சியார். பீபி என்றால் பெருமாட்டி. நாச்சியார் என்றாலும் பெருமாட்டி. தெலுங்கு நாட்டில் பீபி நாஞ்சாரம்மா: பெருமாட்டி, பெருமாட்டி, அம்மா. மூன்று மொழிகளின் மரியாதைச் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டோம். அடியில் ஒரு பெயர் இல்லை. ‘துலுக்க’ என்ற அடைமொழியை இன்று யாரையும் பார்த்துச் சொன்னால் அது வசை. கோயிலில் மட்டும் அது பட்டம்.

கதையில் வரும் இன்னொருத்திக்கும் இதே கதிதான். டெல்லி வரை நடந்த கரம்பனூர்க்காரிக்குக் கோயில் கொடுத்த பெயர் ‘பின்சென்ற வல்லி’. பின்னால் போனவள். ஒற்று வேலை பார்த்து, ஆளைக் கண்டுபிடித்து, வழியை நினைவில் வைத்துத் திரும்பி வந்து, ஒரு படை செய்யவேண்டிய வேலையைத் தனியாளாகச் செய்தவளுக்கு ‘பின்னால் போனவள்’ என்று பெயர். அறுபது ஆண்களும் அவள் பின்னால்தானே போனார்கள்?

இனி அந்தப் பொம்மை விளையாட்டு. சுல்தான் மகள் விக்கிரகத்தோடு என்ன செய்தாள்? நீராட்டினாள், உடுத்தினாள், ஊட்டினாள், உறங்க வைத்தாள். கோயிலில் அர்ச்சகர் நாள்தோறும் செய்வதும் இவைதாம்: திருமஞ்சனம், அலங்காரம், அமுது, பள்ளியறை. மந்திரம் இல்லை, ஆகமம் இல்லை, பரம்பரை உரிமை இல்லை. ஒரு சிறு பெண் எந்தத் தீட்சையும் இல்லாமல் செய்த பூசையைப் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று கோயிலின் ஏடே ஒப்புக்கொள்கிறது. பகலில் விக்கிரகமாக, இரவில் உயிருள்ள உருவமாக அவளோடு இருந்தார் என்றும் சொல்கிறது. கருவறைக்குள் இன்றுவரை ஒரு பெண் நின்று பூசை செய்ய முடியாத கோயிலின் ஏட்டில் இருக்கும் செய்தி இது. எழுதியவர்கள் அதை யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள். யோசித்திருந்தால் அடித்திருப்பார்கள்.

அவளைச் ‘சிறைபிடித்தவள்’ என்று சொல்வது எவ்வளவு சரி? படை நடத்தியவள் அவளில்லை. கொள்ளை அடித்தவள் அவளில்லை. தந்தையின் கொள்ளையில் ஒரு பங்கு பரிசாக வந்தது. அவள் அதற்குக் காவலாளியானாள். அவளே நான்கு சுவருக்குள் இருந்தவள்தான். சிறையில் இருக்கும் ஒருத்தியிடம் இன்னொரு கைதியை ஒப்படைத்த கதை இது. டெல்லியின் அரியணையில் இதற்கு எழுபது ஆண்டுகள் முன்னால் ஒரு சுல்தானின் மகள், ரசியா, 1236 முதல் 1240 வரை உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். திரைக்கு வெளியே வந்து ஆண்ட அவளுடைய முடிவும் நல்ல முடிவாக இல்லை.

இதே காலத்தில் டெல்லிச் சந்தையில் உண்மையான கைதிகள் இருந்தார்கள். அலாவுதீன் கில்ஜி தானியத்துக்கும் துணிக்கும் விலை கட்டியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அடிமைகளுக்கும் விலை கட்டினான். வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி அந்தப் பட்டியலைத் தருகிறார்: வீட்டு வேலைக்கான அடிமைப் பெண் 5 முதல் 12 தங்கா. படுக்கைக்கான பெண் 20 முதல் 40 தங்கா. போர்க்களங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் இந்தப் பட்டியலுக்குள் வந்து விழுந்தார்கள். பின்சென்ற வல்லி அரண்மனைக்குள் எப்படி நுழைந்திருப்பாள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும். ‘உருமாற்றிக்கொண்டு’ என்று ஏடு ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறது. கொள்ளையடிக்கப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு பெண் டெல்லி அரண்மனைக்குள் போக அன்று எத்தனை வாசல் இருந்தது?

பிடித்தவன், பிடிபட்டவன் என்ற கோடும் நாம் நினைப்பதுபோல் நேர்க்கோடு அல்ல. 1311 இல் தெற்கே படை நடத்தி வந்த மாலிக் கபூரே ஒரு கைதி. 1299 இல் குசராத்தின் கம்பாத்துத் துறைமுகத்தில் ஒரு வணிகரிடமிருந்து பறிக்கப்பட்ட அடிமை. விரை நீக்கப்பட்டவர். ஆயிரம் தினார் விலை என்பதால் ‘ஹசார் தினாரி’ என்றே பட்டப்பெயர். விலைக்குக் கைமாறிய உடல் பதினைந்து ஆண்டுகளுக்குள் பேரரசின் படைத்தலைவன் ஆனது. அதே குசராத்துப் படையெடுப்பில் பிடிபட்ட இன்னொருத்தி அரசி கமலாதேவி. கர்ண வாகேலாவின் மனைவி. அவள் போய்ச் சேர்ந்த இடம் அலாவுதீனின் அந்தப்புரம். ஒரே கொள்ளையில் பிடிபட்ட இரண்டு பேருக்கு இரண்டு வழி. படைத்தலைவனாகும் வழி பெண்ணுக்குத் திறந்திருக்கவில்லை.

கமலாதேவியின் மகள் தேவல்தேவி. சில ஆண்டுகள் கழித்துத் தக்காணத்தில் அவளும் பிடிபட்டு டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டாள். சுல்தானின் மகன் கிஸ்ர் கானுக்கும் அவளுக்கும் காதல் என்று அமீர் குஸ்ரோ ஒரு நீண்ட பாரசீகக் காவியம் பாடினார். கிஸ்ர் கானே கேட்டுப் பாடச் சொன்ன காவியம். 1316 இல் அது முடிந்தது. அந்த ஆண்டே அலாவுதீன் இறந்தார். கிஸ்ர் கான் குவாலியர் கோட்டையில் சிறைப்பட்டான். மாலிக் கபூர் ஆளனுப்பி அவன் கண்களைப் பிடுங்க வைத்தான். பிறகு பட்டத்துக்கு வந்த தம்பி முபாரக் ஷா அவனைக் கொன்றான். கவிஞர் காவியத்தின் முடிவை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. தேவல்தேவி அதன்பின் யார் யார் கைக்கு மாறினாள் என்று பிற்கால நூல்கள் ஒரு வரிசையே சொல்கின்றன. இப்படி ஒருத்தி இருந்தாளா என்றே சில வரலாற்றாசிரியர்கள் ஐயப்பட்டிருக்கிறார்கள். இருந்தாளோ இல்லையோ, பிடித்து வந்த பெண் பிடித்தவனின் மகனைக் காதலித்தாள் என்று பாடவேண்டிய தேவை டெல்லிக்கு இருந்தது. கொள்ளையைக் காதல் என்று அழைத்தால் அதில் இரத்தக்கறை தெரியாது.

அடுத்தது ராஜஸ்தானம். 1455 இல் ஜாலோரில் பத்மநாபன் என்ற கவிஞர் பாடிய ‘கான்ஹடதே பிரபந்தம்’. அலாவுதீனின் படைக்கு ஜாலோர் கோட்டை வீழ்ந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பாடியது. இதில் சுல்தானின் மகள் பிரோஜா, பகைவனான கான்ஹடதேயின் மகன் வீரமதேவனைக் காதலிக்கிறாள். முற்பிறவிகளில் அவன்தான் தன் கணவன் என்கிறாள். அவன் மறுக்கிறான். போரில் அவன் விழுந்தபின் அவன் தலையை டெல்லிக்குக் கொண்டுவருகிறார்கள். அவள் எதிரே வைத்ததும், வெட்டுண்ட தலை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவள் அதற்கு எரியூட்டி யமுனையில் பாய்ந்து சாகிறாள். செத்தபிறகும் முகம் திருப்பும் ஆண்மையை இந்தக் காவியம் வீரம் என்கிறது. படித்து முடித்தபோது எனக்குத் திருவரங்கத்துப் பெருமாளே மேல் என்று தோன்றியது. அவர் முகத்தையாவது திருப்பவில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. வென்ற டெல்லி பாடும்போது, இந்து அரசகுமாரி சுல்தானின் மகனைக் காதலிக்கிறாள். தோற்ற ஜாலோரும் கொள்ளைபோன திருவரங்கமும் பாடும்போது, சுல்தானின் மகள் நம் வீரனை, நம் கடவுளைக் காதலிக்கிறாள். அவரவர் கதையில் அடுத்தவர் வீட்டுப் பெண்தான் வாசல் தாண்டி வருகிறாள். நம் வீட்டுப் பெண் அந்தப் பக்கம் தானாக விரும்பிப் போனாள் என்று எந்தப் பக்கமும் பாடவில்லை. வெற்றியை நிலத்தில் எழுத முடிந்தவர்கள் நிலத்தில் எழுதினார்கள். முடியாதவர்கள் எதிரியின் மகள் மனதில் எழுதினார்கள். கோயிலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கொள்ளையடித்தவன் பெற்ற பெண் நம் பெருமாளுக்காக உயிரை விட்டாள். தோற்றவர்களின் நெஞ்சுக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தடம்!

இந்த விதி பழங்கதையோடு போயிருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன். ஹாதியா என்ற இளம்பெண் மதம் மாறி மணந்துகொண்டபோது கேரள உயர் நீதிமன்றம் 2017 இல் அந்தத் திருமணம் செல்லாது என்று சொல்லி அவளைப் பெற்றோர் வீட்டில் இருத்தியது. 2018 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. 2020 இல் உத்தரப் பிரதேசம் மதம் மாறும் திருமணங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வேறு மாநிலங்களும் அதே வழியில் போயின. அடுத்தவன் வீட்டுப் பெண் வந்தால் அது காதல். நம் வீட்டுப் பெண் போனால் அது கடத்தல். திருவரங்கத்து ஓவியத்தைக் காட்டி மத நல்லிணக்கம் பேசும் மேடைகளில் இந்தப் பாதி பேசப்படுவதில்லை. அந்த நல்லிணக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. வேற்று மதத்துப் பெண் ஒருத்தியை மதம் மாற்றாமல், அவள் உணவையும் உடையையும் மாற்றாமல், பெருமாளே அவளுக்காகக் கைலி கட்டுகிறார் என்று வைத்திருப்பது சின்ன விஷயமல்ல. ஆந்திரத்தில் தேவுனி கடப்பா கோயிலுக்கு உகாதியன்று முஸ்லிம் குடும்பங்கள் வந்து தேங்காய் உடைக்கிறார்கள். வேங்கடவன் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்கிறார்கள். மக்கள் ஒரு கதையை எடுத்துக்கொண்டு உறவுமுறை கொண்டாடுவதில் உள்ள பெருந்தன்மை ஏடெழுதியவர்களிடம் இருந்ததைவிடப் பெரிது.

மேல்கோட்டைக்காரர்கள் இதே கதையை இராமானுசரோடு சேர்த்துச் சொல்வார்கள். அவரே டெல்லிக்குப் போய் அழைத்தார், பெருமாள் சலங்கை ஒலிக்க ஓடி வந்து மடியில் ஏறினார், அதனால் செல்லப்பிள்ளை. பின்தொடர்ந்து வந்த பீபி நாச்சியார் இன்றும் அவர் காலடியில் சிறு உருவமாக இருக்கிறாள். மரபுக் கணக்கில் இராமானுசரின் காலம் 1017 முதல் 1137 வரை. டெல்லிச் சுல்தானகம் தொடங்கியது 1206 இல். கணக்கு உதைக்கிறது. ஆனால் கதை ஊர் ஊராகப் போனதற்கு அதுவே சான்று. சுல்தான் மகள் ஒவ்வொரு கோயிலுக்கும் தேவைப்பட்டிருக்கிறாள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் தொந்தரவு கொடுக்கும் இடம் அந்த இரவு. பெருமாள் அவளை உறங்கச் செய்துவிட்டுப் போன இரவு. நம் இலக்கியத்தில் உறங்கும் பெண்ணை விட்டுப் போன ஆண்களுக்குக் குறைவில்லை. நளன் காட்டில் தமயந்தியின் ஆடையில் பாதியை அறுத்து எடுத்துக்கொண்டு போனான். சித்தார்த்தன் யசோதரையைத் தொட்டால் விழித்துவிடுவாள் என்று தொடாமல் போனான். ஒருவனுக்குக் கலி பிடித்ததாகக் காரணம் சொல்கிறோம், ஒருவனுக்கு ஞானம் என்கிறோம். அரங்கனுக்குக் கடமை. ஊர் காத்திருக்கிறது, அறுபது பேர் வாசலில் நிற்கிறார்கள். காரணங்கள் வேறுவேறு. விழித்தெழுந்தவள் பார்த்த வெற்றுப் படுக்கை ஒன்றுதான். அறிதுயில் கொள்பவர் என்றே பெயர் பெற்றவர், இந்த ஓர் இரவில் தான் விழித்து இன்னொருத்தியைத் தூங்க வைத்திருக்கிறார்.

சிறையிலிருந்தவன் தப்பிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. கைதியின் உரிமை அது. அவர் விடைபெற்றிருந்தால் அவள் விட்டிருப்பாளா? ஒருவேளை விட்டிருப்பாள். ஒருவேளை கூடவே புறப்பட்டிருப்பாள். கதை அதற்கு இடம் வைக்கவில்லை. ‘அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன்’ என்று பெருமாள் சொல்லியிருந்தால் வாசலில் நின்ற அறுபது பேரும் என்ன செய்திருப்பார்கள்? துருக்கப் பெண்ணை உயிரோடு கோயிலுக்குள் எந்த வழியாகக் கூட்டி வந்திருப்பார்கள்? அவள் தூங்கியது பெருமாளுக்கு வேண்டியிருந்ததைவிட ஏட்டை எழுதியவர்களுக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். அவள் திருவரங்கத்துக்கு வந்தபோது பெருமாள் அங்கே இல்லாமல் போனதும் அப்படித்தான். அவர் இருந்திருந்தால் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று யாராவது முடிவு செய்திருக்க வேண்டும்.

இதே அரங்கனோடு கலந்தவளாகச் சொல்லப்படும் இன்னொரு நாச்சியார் ஆண்டாள். வில்லிபுத்தூரிலிருந்து பல்லக்கில் வந்தாள், கதவு திறந்திருந்தது, உள்ளே போனாள், மறைந்தாள். அவளும் உடலோடு மிஞ்சவில்லைதான். ஆனால் போவதற்கு முன் அவள் பேசிவிட்டாள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. கோபமும் ஏக்கமும் காமமும் அவள் சொல்லிலேயே இருக்கின்றன. நாச்சியார் திருமொழியைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளின் முகம் சிவப்பதைப் பார்க்கிறேன். சுல்தானின் மகளுக்கு ஒரு வரி இல்லை. அவள் எந்த மொழியில் பெருமாளைக் கொஞ்சினாள் என்பதுகூட ஏட்டில் இல்லை. அவள் சார்பில் சொல்லப்படுவது ரொட்டி ஒன்றுதான்.

அவளுக்குச் சிலை இல்லாமல் ஓவியம் இருப்பதற்கு, இசுலாத்தில் உருவ வழிபாடு இல்லை என்பதால் அவள் மதத்துக்கு மரியாதை செய்கிறோம் என்று விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம். ஒரு விக்கிரகத்துக்காக நாடு விட்டு நாடு வந்து செத்தவளுக்கு உருவம் கூடாது என்று அவளிடம் யார் கேட்டார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. சிலை என்றால் பிரதிட்டை, பிரதிட்டை என்றால் அபிடேகம், உற்சவத்தில் இடம், பெருமாள் பக்கத்தில் இருக்கை. ஓவியத்துக்கு இவை ஒன்றும் தேவையில்லை.

1323 இல் இரண்டாம் முறை படை வந்தபோது திருவரங்கம் எரிந்தது. வைணவ மரபு அன்று மாண்டவர்களைப் பன்னீராயிரம் என்று எண்ணும். வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியர் உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போய், மதுரைக்கு அருகே சோதிசுகுடியில் இறந்தார். வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவில் சுவடியோடு ஒளிந்து பிழைத்தார். இந்த இருவரையும் எல்லா வைணவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே நாள்களில் கோயில் தாசியான வெள்ளையம்மாள், படைத்தலைவனைத் தன் அழகில் மயக்கிக் காலம் கடத்தி, கிழக்குக் கோபுரத்தின் மேலே அழைத்துப்போய்த் தள்ளிக் கொன்று தானும் குதித்தாள் என்பது இன்னொரு கதை. அவள் பெயரால் அது வெள்ளைக் கோபுரம். பகைவனோடு படுத்தவளும் கோயிலுக்கு வேண்டும், பகைவனுக்குப் பிறந்தவளும் கோயிலுக்கு வேண்டும். இருவரும் செத்த பிறகு. திருவரங்கத்தின் படையெடுப்புக் காலத்தை நினைவில் நிறுத்தியிருக்கும் மூன்று பெண்களில் உயிரோடு வீடு திரும்பியவள் பின்சென்ற வல்லி மட்டும்.

உற்சவர் அழகர் கோயில், கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று சுற்றி 48 ஆண்டுகள் கழித்து 1371 இல் திரும்பினார். ஸ்ரீ வேணுகோபாலனின் ‘திருவரங்கன் உலா’ நாவல் வழியாகப் பலருக்கு அந்தப் பயணம் தெரியும். வந்தபோது ஒரு சிக்கல். இடைக்காலத்தில் வேறொரு விக்கிரகம் வைத்துப் பூசை நடந்துகொண்டிருந்தது. எது பழையது? அடையாளம் சொல்லக்கூடிய தலைமுறை போய்விட்டது. கண் தெரியாத ஒரு முதிய வண்ணாரைக் கூட்டி வந்தார்கள். பெருமாளின் ஈரவாடையைத் துவைத்தவர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து அந்த ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொடுத்தபோது, சுவையிலும் மணத்திலும் அறிந்து, இவரே நம்பெருமாள் என்றார். அழகிய மணவாளருக்கு நம்பெருமாள் என்ற பெயர் அப்படி வந்தது. வேதம் படித்தவர்களுக்குத் தெரியாத உடல், துணி வெளுத்தவருக்குத் தெரிந்திருந்தது. பெருமாளைத் தினமும் குளிப்பாட்டித் துவட்டிய இன்னொரு ஆள் அதற்குள் செத்துச் சுவரில் இருந்தாள். அவளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

செஞ்சியிலிருந்து பெருமாளைக் கொண்டுவந்து சேர்த்தவன் விசயநகரத்து அதிகாரி கோபணன். அந்த மீட்பைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. அஞ்சன மலையிலிருந்து அரங்கனை எழுந்தருளச் செய்து, செஞ்சியில் சிலகாலம் வைத்து, துருக்கரை வென்று, திருமகளோடும் நிலமகளோடும் அவர் ஊரிலேயே மறுபடி நிறுவினான் என்கிறது. சகம் 1293. கல் கணக்கு வைத்திருக்கும் தேவிமார் இருவர்.